தாழ்ப்பாளில் இருந்த கை

படப்பிரிவு அம்மா இந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு பெறுகிறார். எங்கள் ஆவணக் காப்பகத்தின் ஆண்டு மலரில் போடுவதற்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி மூன்று மாதத்துக்கு முன்பே அதிகாரி என்னிடம் சொல்லியிருந்தார். ஏன் என்னிடம் என்று கேட்டதற்கு, இருபத்திரண்டு வருஷம் அவருடன் ஒரே கட்டடத்தில் இருந்தவர் நீங்கள்தானே என்றார். ஜெயிலில்கூடத்தான் இருபத்திரண்டு வருஷம் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். போன மாதம் நடந்தது நடந்த பிறகு, வேண்டாம், வேறு யாரையாவது எழுதச் சொல்லிக்கொள்கிறேன் என்று அதே அதிகாரி நழுவப் பார்க்கிறார். முடியாது. நான்தான் எழுதுவேன்.

எனக்கு அந்தம்மாவைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிப்பவர்களுக்கு வசதி. எங்கேயாவது நான் புகழ்ந்து எழுதியிருந்தால் அது வேறு வழியில்லாமல் எழுதியது.

எங்கள் காப்பகம் முன்பு ஒரு சரக்குக் கிடங்கு. கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத நீள அறை படப்பிரிவு. மேலே, தெருவைப் பார்த்த அறை கடிதப் பிரிவு, அது என்னுடையது. பழைய குடும்பங்களும் கம்பெனிகளும் இடத்தைக் காலி செய்யும்போது பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து எங்களிடம் தள்ளுவார்கள். நாங்கள் அதைப் பிரிப்போம். கடிதம் மேலே வரும், புகைப்படம் கீழே போகும். ஒரு கடிதத்துக்குள் படம் மடித்து வைத்திருந்தால் அந்தப் படத்தை எடுத்துக் கீழே அனுப்பிவிட்டு, அது எந்தக் கடிதத்திலிருந்து வந்தது என்று பிரிப்புச் சீட்டு எழுதி இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டு இல்லையென்றால் அம்மா ஒரு ஊரில், பிள்ளை ஒரு ஊரில் என்கிற கதைதான்.

அந்தம்மா இங்கே சேர்ந்து முப்பத்திமூன்று வருஷம் ஆகிறது. குட்டையான உருவம், வெடுக்கென்ற நடை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு பூதக்கண்ணாடி. அதனால் பெயரே பூதக்கண்ணாடி என்று ஆகிவிட்டது. வெள்ளைக் கையுறை போடாமல் ஒரு படத்தைத் தொட மாட்டார், தொட்டவரையும் விட மாட்டார். யாராவது வந்து, இது எங்கள் தாத்தா, இது எங்கள் கடை என்று ஆசையாகச் சொன்னால், ஒரே கேள்விதான்: "சாட்சி?" இரண்டு சாட்சி இருந்தால்தான் படத்துக்குப் பின்னால் பென்சிலால் எழுதுவார். இல்லையென்றால் 'தெரியவில்லை' என்று எழுதி ஒரு பெட்டியில் போடுவார். அந்தப் பெட்டியில் ஆயிரத்துக்கும் மேலே படங்கள் இருக்கின்றன. கல்யாணக் கோலத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள்கூட அதில் 'தெரியவில்லை' ஆகக் கிடக்கிறார்கள்.

வீட்டிலும் இதே கதைதான் என்று அவருடைய மகளே ஒருமுறை வந்தபோது சொல்லிச் சிரித்தாள். வீட்டுப் படங்கள் எல்லாவற்றின் பின்னாலும் தேதி, இடம், இடமிருந்து வலம் யார் யார் என்று இருக்குமாம். அவள் பிறந்த மறுநாள் எடுத்த படத்தின் பின்னால், 'பெண் குழந்தை. பெயர் இன்னும் உறுதிசெய்யப்படவில்லை' என்று எழுதியிருக்கிறதாம். கணவர் பஸ் டிரைவர். பாவம், நல்ல மனுஷன். வண்டி பிரேக்டவுன் ஆகித் தாமதமாக வந்தால், டெப்போவில் எழுதி வாங்கிய சீட்டை அந்தம்மா கேட்காமலே எடுத்து நீட்டிவிட்டுத்தான் கை கழுவப் போவாராம்.

அதிகாரியைக்கூட அந்தம்மா விட்டுவைக்கவில்லை. அதிகாரி தன் அறையில் தன் தாத்தாவின் படத்தைப் பெரிதாக மாட்டிவைத்திருந்தார். கோட்டும் சங்கிலிக் கடிகாரமுமாக ஜமீன்தார் மாதிரி ஒரு தோற்றம். கோப்பில் கையெழுத்து வாங்கப் போன அந்தம்மா, போன காரியத்தை விட்டுவிட்டுப் படத்துக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்திருக்கிறார். இதே கோட்டை இன்னும் நாலு பேர் போட்டு நான் பார்த்திருக்கிறேன், மூன்றாவது பொத்தான் இல்லை பாருங்கள், இது ஸ்டூடியோக்காரன் கோட்டு, கடிகாரத்தில் முள்ளே கிடையாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் அந்தச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. இதைக் கேட்டு அன்றைக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்தவன் முதுகில் அடி விழும்போது சிரிப்புக்கு என்ன குறைச்சல்.

என் முறை பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு வந்தது. மூடிப்போன ஒரு நூற்பாலையின் மேனேஜர் குடும்பத்திலிருந்து ஒரு பெரிய இரும்புப் பெட்டி வந்திருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். பாதிக் கடிதங்களில் படங்கள். நான் முதலில் நாற்பது படங்களைச் சீட்டு எழுதி அனுப்பினேன். அந்தம்மா நாற்பது சீட்டையும் கையில் அள்ளிக்கொண்டு மேலே வந்தார். என் அறையை ஒட்டிய படிக்கும் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் கடிதத்தின் எந்த மடிப்பில் இருந்தது, முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒன்றிலும் எழுதவில்லை என்று ஆரம்பித்து, கடைசியில், "மூணாங்கிளாஸ் பையன் இதவிட நல்லா எழுதுவான்" என்று சொல்லி, சீட்டுகளை என் மேஜையில் கொட்டிவிட்டுப் போனார். கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். எங்கள் குடும்பத்துக்கே அது சொத்து. அன்றோடு நான் சீட்டு எழுதுவதை நிறுத்தினேன். மிச்சமிருந்த படங்களை எல்லாம் கடிதங்களிலிருந்து உருவி, ரப்பர் பேண்ட் போட்டு, பெட்டி எண்ணை மட்டும் எழுதிக் கீழே அனுப்பினேன். எந்தப் படம் எந்தக் கடிதத்தில் இருந்தது என்று பூதக்கண்ணாடியே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் புகார் எழுதினார். நான் பதில் புகார் எழுதினேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் குறிப்புத் தாளில்தான். பியூன் மேலும் கீழும் ஏறி இறங்கியே மெலிந்துபோனார்.

அந்த ரப்பர் பேண்டுக்குள் போன படங்களில் ஒன்றுதான் இந்தக் கதைக்குக் காரணம்.

நூற்பாலையில் ஐம்பது வருஷத்துக்கு முன்பு ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளிகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விடியற்காலையில் அடியாட்கள் வண்டியில் வந்து உள்ளே புகுந்து அடித்ததில் மூன்று பேர் செத்துப்போனார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார் என்பதுதான் அதற்குப் பிறகு ஊர் முழுக்கப் பேச்சு. வாயில் கதவின் சாவி காவலாளியிடம் இருந்தது. ஆகவே காவலாளிதான் என்று சங்கம் நோட்டீஸ் அடித்தது. படத்தில் இருப்பதும் அவர்தான். மேலேயிருந்து எடுத்த படம். பெரிய இரும்புக் கதவு, கம்பிகளுக்கு வெளியே வண்டியின் விளக்கு, உள்ளே காக்கிச் சட்டையில் ஒரு மனிதர். அவருடைய வலது கை தாழ்ப்பாளில் இருக்கிறது. அவ்வளவுதான். திறக்கிறாரா, போடுகிறாரா? படம் சொல்லாது. எத்தனை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சொல்லாது.

பதினாறு வருஷத்துக்கு முன்பு காப்பகம் ஒரு படப் புத்தகம் போட்டது. இந்தப் படத்தைச் சேர்த்தே ஆக வேண்டும், கீழே ஒரு வரியும் வேண்டும் என்று அப்போதிருந்த அதிகாரி பிடிவாதமாக இருந்தார். அந்தம்மா எனக்குக் குறிப்பு அனுப்பினார்: இப்படத்துடன் தொடர்புடைய கடிதம் ஏதும் தங்கள் பிரிவில் உள்ளதா? நல்ல வெயில் நேரம். அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்களையும் அந்தம்மாவுக்காக நான் புரட்டவேண்டுமா? பேனாவை எடுத்து 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு கட்டைக்கூட அவிழ்க்கவில்லை.

அவரிடம் சங்க நோட்டீஸ் ஒரு சாட்சி. அதற்கு எதிராக ஒன்றும் இல்லை என்ற என் கையெழுத்து இன்னொரு சாட்சி. 'ஆலை வாயிலைத் திறந்துவிடும் காவலாளி' என்று எழுதினார். புத்தகம் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். நாங்கள் மூடவில்லை என்பது மட்டும் இல்லை, அந்த வாய்க்கு அரசாங்க முத்திரை குத்திக் கொடுத்தோம். அதுவரை அந்தக் குடும்பத்தைப் பற்றி அரசல்புரசலாகப் பேசியவர்கள் புத்தகத்தை விரித்துக் காட்டிப் பேச ஆரம்பித்தார்கள். காவலாளியின் மகன் தையற்காரர். செத்துப்போனவர்களின் சொந்தக்காரர்கள் நிறைந்த தெருவில் கடை. புத்தகம் வந்த வாரத்தில் யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கடை ஷட்டரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். துணி கொடுத்திருந்தவர்கள் தைக்காமலே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

தையற்காரர் அந்தக் கிழிந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்கு வந்தார். அப்பா கதவைத் திறக்கவில்லை, சாத்தினார், அவர் பொய் சொல்ல மாட்டார் என்றார். அந்தம்மா சாட்சி கேட்டார். மகன் சொல்வது சாட்சியாகாது என்றார். கீழே பெரிய சண்டை. மாதம் ஒரு முறை, கடைக்கு விடுமுறை விடும் நாளில், தவறாமல் வருவார். தவறாமல் சண்டை நடக்கும். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொய் எழுதி என்ன பயன்? அந்தம்மாவை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டுவதைக் கேட்க எனக்கு இனிப்பாக இருந்தது.

புத்தகம் வந்த மறுவருஷம் கடிதப் பிரிவில் அலமாரிகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். கட்டுகளை இறக்கி ஏற்றும்போது முன்னூற்றுப் பத்தொன்பதாம் எண் கடிதம் என் கையில் விரிந்தது. மேனேஜருக்கு அவருடைய தம்பி எழுதியது. 'அண்ணா, உன் காவலாளி சொன்ன பேச்சைக் கேட்காமல், நம் ஆட்களின் வண்டி வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டான். அவன் போடும்போதே மாடியிலிருந்து எடுத்த படம் இத்துடன் இருக்கிறது. பின்வாசலைத் திறக்கச் சொல்லித்தான் ஆட்களை உள்ளே விட வேண்டியதாயிற்று. இவனை இனி வைத்துக்கொள்ளாதே.'

நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தேன். உடனே கீழே ஓடிப்போய்க் கொடுத்திருக்க வேண்டும். மனுஷனாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் கொடுத்தால், 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டது யார் என்று வரும். சீட்டு எழுதாமல் படத்தை உருவியது யார் என்று வரும். மூணாங்கிளாஸ் பையன் என்று அந்தம்மா ஒருமுறை சொன்னது போதாதா? கடிதத்தை ஓர் உறையில் போட்டு என் மேஜையின் அடி இழுப்பறையில், பழைய வருகைப் பதிவேடுகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். அடுத்த வாரம் யோசிக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது.

அதற்கு மூன்று வருஷம் கழித்துத் தையற்காரர் தன் அப்பாவையே அழைத்துக்கொண்டு வந்தார். அறுபத்தெட்டு வயது, உயரமான மனிதர், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை. அன்றைக்குப் படியில் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அந்தம்மா படத்தை அவர் முன்னால் வைத்து, திறக்கிறீர்களா, சாத்துகிறீர்களா என்று கேட்டார். "சாத்தறேம்மா" என்றார் அவர். அந்தம்மா கொஞ்ச நேரம் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நீங்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்கிறேன், ஆனால் உங்களுக்கே நீங்கள் சாட்சியாக முடியாதே என்றார். பெரியவர் கோபப்படவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். தாகமாக இருக்கிறது என்றதால் மகன் அவரை மேலே என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் என் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்த நாற்காலிக்கும் அந்த இழுப்பறைக்கும் ஒரு முழ தூரம் இருக்கும். குடித்துவிட்டு, "நல்லா இருங்க தம்பி" என்றார்.

அதற்குப் பிறகும் நான் பூட்டைத் திறக்கவில்லை. கல் நெஞ்சு என்று சொல்லுங்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

தையற்காரருக்கும் எனக்கும் இடையே ஒரு சிநேகமே வளர்ந்துவிட்டது. கீழே சண்டை போட்டுவிட்டு மேலே வந்து டீ குடிப்பார். "அந்தம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல சார். உங்கள மாதிரி ஒருத்தர் அங்க உக்காந்திருந்தா எங்களுக்கு இந்த கதி வந்திருக்குமா?" என்பார். நான் ஆமாம் போடுவேன். அந்தம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் நாலு எடுத்துக் கொடுப்பேன். என் சட்டைகளை எல்லாம் அவர்தான் தைத்தார். அளவெடுக்கும்போது, கொஞ்சம் தொப்பை விழுந்திருக்கு சார் என்று கிண்டல்கூடச் செய்வார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் தலையை மொட்டையடித்துக்கொண்டு வந்தார். அப்பா போய்விட்டார் என்றார். தூக்கிக்கொண்டு போகத் தெருவிலிருந்து நாலு பேர்கூட வரவில்லையாம், மனைவியின் ஊரிலிருந்து ஆள் வர வேண்டியிருந்ததாம். அன்றைக்கு அவர் கீழே போகவே இல்லை. என் எதிரில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்.

இந்த வருஷம் வேலைநிறுத்தத்தின் ஐம்பதாவது ஆண்டு. காப்பகத்தில் கண்காட்சி வைப்பதாக முடிவாயிற்று. தாழ்ப்பாள் படத்தை ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலிலேயே நிறுத்துவது, கீழே அதே வரியைப் பெரிய எழுத்தில் போடுவது என்று திட்டம். கேள்விப்பட்டதும் தையற்காரர் ஓடிவந்தார். இந்த முறை சண்டை போடவில்லை. கெஞ்சினார். என் பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள், எல்லோருக்கும் அவள் யார் வீட்டுப் பெண் என்று தெரியும், படத்தை மாட்டுங்கள், அந்த வரியை மட்டும் போடாதீர்கள் என்றார். எழுதுவதற்கு எப்படிச் சாட்சி வேண்டுமோ, அழிப்பதற்கும் அப்படியே வேண்டும் என்றார் அந்தம்மா. தையற்காரர் படியேறி என்னிடம் வந்து, அந்தம்மா உருப்படவே மாட்டார் என்று சாபம் விட்டார்.

பெரிதாக்குவதற்காகப் படத்தை அது ஒட்டியிருந்த அட்டையிலிருந்து பிரித்தார்கள். வந்த புதிதிலேயே அந்தம்மாவின் உதவியாளர் அதை அட்டையில் ஒட்டிவிட்டார். பின்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. இப்போது பிரித்ததும் அந்தம்மா கண்ணாடியை வைத்துப் பார்த்திருக்கிறார். படத்தின் முதுகில், இடது வலமாகத் திரும்பிய மங்கலான மைத் தடங்கள். மை காயும் முன் மடித்த கடிதத்துக்குள் கிடந்த படத்தில்தான் அப்படி ஒட்டும். ஒரு கைக்கண்ணாடியை எதிரே பிடித்துப் பார்த்திருக்கிறார். முதல் சொல் மட்டும் படிக்க முடிந்திருக்கிறது: 'அண்ணா'.

மறுநாள் அந்தம்மா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு மாடியேறி வந்தார். அதிகாரியிடம் சொல்லி என்னை மிரட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வெளியிலிருந்து வரும் வாசகர்கள் நிரப்பும் விண்ணப்பத்தை நிரப்பி நீட்டினார். நூற்பாலைப் பெட்டி, எல்லாக் கட்டுகளும். கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், விதி அப்படி. நான் கட்டுக் கட்டாகச் சுமந்து கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலி இழுத்துப் போட்டார். யாருக்கு என்று பார்த்தால் தையற்காரர். கடையைச் சாத்திவிட்டு வரச் சொல்லி அந்தம்மாவே ஆள் அனுப்பியிருக்கிறார். எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில். அந்தம்மா ஒவ்வொரு கடிதமாகப் பார்ப்பார், 'அண்ணா' என்று தொடங்குவதைத் தனியே வைப்பார். தையற்காரர் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒவ்வொரு கட்டு கொண்டுபோய் வைக்கும்போதும், "உங்களுக்குத்தான் சார் சிரமம்" என்பார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தம்மா என் மேஜைக்கு வந்து நின்றார். கையில் இரண்டு கடிதங்கள். ஒன்றில் என் பென்சில் எண் முன்னூற்றுப் பதினெட்டு. இன்னொன்றில் முன்னூற்று இருபது.

"நடுவுல ஒண்ணு எங்க?" என்றார்.

தொலைந்திருக்கும் என்றேன்.

அந்தம்மா கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "சரி. தொலச்சிட்டேன்னு எழுதிக் குடுங்க. கடிதப் பிரிவுல ஒரு கடிதம் தொலஞ்சதுன்னு உங்க கையெழுத்தோட பதிவேட்டுல இருக்கட்டும்."

இங்கேதான் நான் மாட்டினேன். மனசாட்சி உறுத்தியது, பெரியவர் தண்ணீர் குடித்தது நினைவுக்கு வந்தது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. இருபத்திரண்டு வருஷத்தில் என் பிரிவில் ஒரு தாள் தொலைந்தது கிடையாது. கரையானிடமிருந்து காப்பாற்றியிருக்கிறேன், கூரை ஒழுகிய வருஷம் என் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கட்டுகளை இடம் மாற்றியிருக்கிறேன். பொய்யன் என்று சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன். தொலைத்தவன் என்றா? அதுவும் அந்தம்மா வாயாலா? சுர்ரென்று ஏறிவிட்டது. "என் பிரிவுல ஒண்ணும் தொலையாது" என்று கத்திக்கொண்டே சாவியை எடுத்து, அடி இழுப்பறையைத் திறந்து, உறையை எடுத்து அவர் கையில் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது.

"கிழிச்சிருக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்றார் அந்தம்மா. அவ்வளவுதான். திரும்பித் தன் மேஜைக்கு நடந்தார்.

கூடத்தில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. தையற்காரருக்குப் பழைய கையெழுத்து படிக்க வராது. அந்தம்மா கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு மெதுவாக, சொல் சொல்லாகப் படித்துக் காட்டினார். 'தாழ்ப்பாள் போட்டுவிட்டான்' என்ற இடம் வந்ததும் தையற்காரர் கையை நீட்டி, அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அந்தம்மா படித்தார். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது முறையும் படித்தார்.

பிறகு கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அந்தம்மா சொன்னார்: "அந்த வரிய எழுதினது நான். படத்தோட பின்பக்கத்தப் பாக்காம விட்டதும் நான். மன்னிப்பு கேக்கல. கேட்டா நீங்க குடுத்தாகணும்னு ஆயிடும். நீங்க குடுக்க வேண்டாம். நாளைக்கு வரியை மாத்திடறேன், மாத்தினது ஏன்னும் கீழயே போட்டுடறேன்."

தையற்காரர் எழுந்து என் மேஜைக்கு வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது எப்ப கெடச்சுது சார் உங்களுக்கு?"

இனிமேல் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பதினைந்து வருஷம் ஆகிறது என்றேன்.

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். "அப்பா போய் ஒம்பது வருஷம்தான் ஆகுது" என்றார். "மிச்சம் ஆறு வருஷம் இருந்தாரே சார். பேச்சு அவ்வளவா இல்ல, வீட்டுக்குள்ளயேதான் இருந்தாரு. அவருக்கு ஊருக்கெல்லாம் தெரியணும்னுகூட இல்ல. யாராவது ஒருத்தர் கிட்ட வந்து, பெரியவரே, நீங்க சொன்னது நெசந்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்."

நான் ஏதாவது சொல்லியாக வேண்டும் போல் இருந்தது. அவர் என்னை இத்தனை வருஷம் நல்லவன் என்று நம்பியவர். அவரிடமாவது என் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உங்கள் அப்பா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, என் கோபமெல்லாம் அந்தம்மா மேல்தான், அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த பகை அது என்று சொன்னேன். சத்தியமாக அது சமாதானம் சொல்வது போலத்தான் எனக்கு இருந்தது.

தையற்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப எங்கப்பா யாரு சார் உங்களுக்கு?" என்றார்.